குவெண்டாவின் கண்ணாடியும் என் கறுப்பு அங்கியும்

யர்ராகூன், விக்டோரியா
15 செப்டம்பர் 1996, ஞாயிற்றுக்கிழமை

என்றைக்கும் என் மரியாதைக்குரிய அக்கா ஏவிஸ் அவர்களுக்கு, உன் தம்பி லயனல் வணக்கத்துடன் எழுதிக்கொள்வது.

நானும் மெர்லும் இங்கே சுகமாக இருக்கிறோம். என் இடது முழங்கால் பழையபடிதான். ஆனால் அதுவும் நானும் இப்போது சண்டை போடுவதில்லை. தலையின் பின்பக்கத்தில் மட்டும் மூன்று தையல் போட்டிருக்கிறது. பயந்துவிடாதே, அது எப்படி வந்தது என்பது இந்தக் கடிதத்தின் பிற்பகுதியில் தானாக வரும். லான்செஸ்டனில் குளிர் விட்டதா, உன் கோழிகள் மறுபடியும் முட்டையிடத் தொடங்கிவிட்டனவா என்று நீ அடுத்த கடிதத்தில் எழுத வேண்டும்.

போன கடிதத்தில் நீ என்னிடம் ஒரே ஒரு கேள்வி கேட்டிருந்தாய். நூலகத் தொண்டர்கள் கையேட்டில் போட உன் படம் கேட்கிறார்கள், மூக்குக்கண்ணாடியோடு எடுத்தால் ஆந்தை மாதிரி விழுகிறது, கழற்றிவிட்டு எடுத்தால் தூக்கத்தில் எழுப்பிவிட்ட கோழி மாதிரி விழுகிறது, என்ன செய்யலாம் என்று கேட்டிருந்தாய். ஒரு வரிக் கேள்விக்கு ஒரு வரியில் பதில் சொல்லத் தெரிந்திருந்தால் நான் முப்பத்துநான்கு வருஷம் அறிவியல் வாத்தியாராக இருந்திருப்பேனா? எதையும் ஓர் உதாரணத்தோடு சொன்னால்தான் மனத்தில் நிற்கும். அதிர்ஷ்டவசமாக ஓர் உதாரணம் கையில் இருக்கிறது. அதன் பெயர் குவெண்டா டக்வெல்.

குவெண்டாவை உனக்குத் தெரியும். என் அறுபதாவது பிறந்தநாளுக்கு நீ வந்திருந்தபோது, கேக் வெட்டுவதற்கு முன்பே எல்லோரையும் வரிசையாக நிற்கவைத்துப் படம் எடுத்தாரே, அந்த உயரமான அம்மாள்தான். முப்பது வருஷம் எங்கள் ஊர்த் தபால் நிலையத்தைப் பார்த்துக்கொண்டவர். புல்தரையில் பந்துருட்டும் எங்கள் கிளப்பில் இருபத்தாறு வருஷமாகச் செயலாளர். அவருடைய கண்ணாடியைப் பார்த்தால், இரண்டு ஜாம் பாட்டில்களின் அடிப்பாகத்தை அறுத்துக் கம்பியில் மாட்டியதுபோல இருக்கும். கிளப்பின் குழுப் படங்கள் எல்லாமே அவர் எடுத்தவை. அந்த இருபத்தாறு படங்களில் ஒன்றில்கூட அவர் இல்லை. நான் இத்தனை வருஷம் அவற்றை மாட்டிய சுவருக்குக் கீழே உட்கார்ந்து தேநீர் குடித்திருக்கிறேன், ஒருநாளும் இதைக் கவனித்ததில்லை. படம் எடுக்கிறவர் படத்தில் இல்லை என்பதை யார் கவனிப்பார்கள், சொல்.

இந்த ஜூலையில் எங்கள் கிளப்பின் எழுபத்திரண்டு வருஷ வரலாற்றில் முதல்முறையாக ஒரு பெண்ணைத் தலைவராகத் தேர்ந்தெடுத்தோம். அது குவெண்டா. பதினொரு வருஷம் தலைவராக இருந்த நெவில் போல்டர் நான்கு ஓட்டில் தோற்றார். தோற்றவர் எழுந்து கைகுலுக்கிவிட்டு, சட்டைப்பையிலிருந்து கிளப்பின் பழைய விதிப் புத்தகத்தை எடுத்தார். புதிய தலைவரின் படத்தைச் சுவரில் மாட்டிய பிறகுதான் அவர் பதவிக்கு வந்ததாக அர்த்தம். பருவத்தின் முதல் பந்து உருள்வதற்குள் மாட்டவில்லை என்றால் பழைய தலைவரே இன்னொரு வருஷம் தொடர்வார் என்று அதில் இருக்கிறது. 1925இல் எழுதிய விதி. அதற்கு முந்தின வருஷம் தேர்ந்தெடுத்த ஒருவர் குவீன்ஸ்லாந்துக்கு ஓடிப்போய்விட்டாராம், தேடுவதற்குக் கையில் ஒரு படம்கூட இல்லையாம்.

"சுவத்துல படம், அப்புறம்தான் நாற்காலி," என்றார் நெவில். "நம்ம குவெண்டாவ படம் எடுக்கறதும் சரி, முயலுக்குச் சேணம் பூட்டுறதும் சரி."

எல்லோரும் சிரித்தார்கள். குவெண்டாவும் சிரித்தார். ஆனால் கூட்டக் குறிப்பு எழுதிக்கொண்டிருந்த அவர் கை நின்றுவிட்டது. எனக்கு எதிலும் வாயை விடும் பழக்கம் உண்டு என்பது உனக்குத் தெரியுமே. "இது வெறும் ஒளியியல் விஷயம், நான் எடுத்துத் தருகிறேன்," என்று சொல்லிவிட்டேன்.

நெவில் என்னைத் திரும்பிப் பார்த்தார். "வாத்தியாரே, என் மூணு பசங்களுக்கும் நீதான் ஒளியியல் எடுத்த. மூணும் பெயிலு."

ஆகஸ்ட் கடைசிச் சனிக்கிழமை, கிளப்பில் தேநீர் மேசைக்குப் பக்கத்தில் நாற்காலி போட்டு, கேமராவில் ஃப்ளாஷ் பொருத்தி, பன்னிரண்டு படம் எடுத்தேன். கழுவி வந்ததில் குவெண்டாவின் முகத்தில் இரண்டு வெள்ளி நாணயங்கள். கண் இருக்க வேண்டிய இடத்தில் வேறொன்றும் இல்லை. அவருக்குப் பின்னால் அவர் கணவர் ஆல்ஃப் முதுகைக் காட்டிக்கொண்டு ஸ்கோன் தின்றுகொண்டிருக்கிறார். ஆல்ஃப்தான் எங்கள் புல்தரையை வெட்டிப் பராமரிப்பவர். வசந்தத்தில் கறுப்பும் வெள்ளையுமான மேக்பைப் பறவை குஞ்சு பொரித்துவிட்டு மண்டையைக் குறிவைத்துப் பாயுமே, கண் தன்னைப் பார்த்தால் அது பாயாதாம், அதற்காகத் தொப்பியின் பின்பக்கத்தில் பெரிய பெரிய கண்ணாக வரைந்து வைத்திருப்பவர்.

மெர்ல் படங்களைப் பார்த்துவிட்டு, "பன்னெண்டுலயும் கண்ணு நல்லா விழுந்திருக்கறது ஆல்ஃபோட தொப்பிக்குத்தான்," என்றாள்.

குவெண்டாவுக்கு இது புதிதில்லையாம். கைப்பையிலிருந்து தன் கல்யாணப் படத்தை எடுத்துக் காட்டினார். அதிலும் அதே இரண்டு நாணயங்கள். "பாதிரியாருக்குக் கண்ணு இருக்கு, ஆல்ஃபுக்குக் கண்ணு இருக்கு, பூச்செண்டு புடிச்சிருந்த நாலு வயசுப் பொண்ணுக்குக்கூட இருக்கு," என்றார். "லயனல், எனக்கு அழகா எல்லாம் வேண்டாம். அந்தச் சுவத்துல பத்தொன்பது ஆம்பளைங்க தொங்குறாங்க, ஒருத்தரும் அழகில்ல. நான் அங்க இருக்கேன்னு தெரிஞ்சா போதும்."

அக்கா, அந்த வார்த்தைக்குப் பிறகு எனக்கு இது ஒளியியலாக மட்டும் இருக்கவில்லை.

முதலில் எல்லோருக்கும் தோன்றும் வழியையே செய்தேன். கண்ணாடியைக் கழற்றச் சொன்னேன். கழற்றியதும் மூக்கின் இரண்டு பக்கமும் சிவப்பாக இரண்டு பள்ளம் தெரிந்தது. அவருக்கோ கேமரா எங்கே இருக்கிறது என்றே தெரியவில்லை. நான் "இங்கே, இங்கே" என்று குரல் கொடுக்க, அவர் வெந்நீர்ப் பாத்திரத்தைப் பார்த்து அன்பாகப் புன்னகைத்தார். படம் அழகாகத்தான் வந்தது. ஆல்ஃபிடம் காட்டினேன். அவர் வெகுநேரம் பார்த்தார். "யாரு இது?" என்றார். "குவெண்டாவோட சித்தி பொண்ணு ஒருத்தி மில்டியூராவுல இருக்கா, அவளா?"

சரி, முறையாக ஆரம்பிப்போம் என்று வீட்டுக்கு வந்தேன். மாணவர் இல்லாத இடத்தில் சோதனைப் பொருள் வேண்டுமே. மெர்ல் சூப்புக்காக வாங்கி வைத்திருந்த சாம்பல் பூசணிக்காய் ஏறக்குறைய குவெண்டாவின் தலை அளவு இருந்தது. அதற்கு மெர்லின் பழைய கண்ணாடியை மாட்டி, காதுக்குப் பதிலாக இரண்டு துணிக் கிளிப்புகளைச் செருகி, சமையலறை மேசையில் உட்கார வைத்தேன். இப்போது பாடத்தைக் கவனி. சுவரில் பந்தை நேராக எறிந்தால் நேராக உன்னிடமே திரும்பி வரும். சாய்த்து எறிந்தால் அதே சாய்வில் அந்தப் பக்கம் போய்விடும். வெளிச்சமும் அப்படித்தான். கேமராவின் தலையிலேயே விளக்கு இருந்தால் அது போய்க் கண்ணாடியில் மோதி நேராகக் கேமராவுக்கே திரும்புகிறது, அதுதான் அந்த வெள்ளி நாணயம். ஆகவே விளக்கைப் பக்கவாட்டில் உயரத்தில் வை. கண்ணாடியின் காதுக் கம்பியைக் கொஞ்சம் தூக்கிவிடு, அப்போது சில்லுகள் லேசாகத் தரையைப் பார்க்கும், பளபளப்பு கீழே விழுந்துவிடும். இரண்டையும் செய்தேன். பூசணிக்காய் அற்புதமாக விழுந்தது. அத்தனை கம்பீரம்! நெவில் படத்துக்குப் பக்கத்தில் மாட்டியிருந்தால் பூசணிக்காய்க்குத்தான் ஓட்டு விழும்.

"சூப்பு இன்னைக்கா, இல்ல அதுக்கு முதல்ல பட்டம் குடுக்கணுமா?" என்று மெர்ல் கத்தியோடு நின்றாள்.

ஆனால் பூசணிக்காய்க்குத் தாடையும் இல்லை, மடியும் இல்லை. அந்த இரண்டையும் நான் கணக்கில் எடுக்க மறந்துவிட்டேன். குவெண்டாவை உட்காரவைத்துக் கண்ணாடியைச் சாய்த்தால், சில்லுகள் அவர் மடியைப் பார்த்தன. மடியில் என்ன? வெள்ளைப் பாவாடை. எங்கள் கிளப்பில் தலை முதல் கால் வரை வெள்ளைதான் உடை, தலைவர் படத்தில் வேறு உடை போடுவது தேவாலயத்துக்குள் நீச்சலுடையில் போவது போல. அந்த வெள்ளை முழுவதும் கண்ணாடிக்குள் ஏறி உட்கார்ந்துகொண்டது. முகத்தைத் தாழ்த்தச் சொன்னேன். பளபளப்பு போயிற்று, கழுத்து இரண்டாயிற்று. நிமிரச் சொன்னேன். கழுத்து ஒன்றாயிற்று, பளபளப்பு வந்தது. இப்படியே மேலும் கீழும் கால் மணி நேரம்.

"லயனல், நான் தலைவர் ஆகப்போறனா, இல்ல தண்ணி குடிக்கிற கோழியா?" என்றார் குவெண்டா.

அடுத்ததாகச் செய்த காரியத்தை நான் பெருமையோடு எழுதவில்லை. பிரேமிலிருந்து சில்லுகளையே கழற்றிவிட்டால் என்ன? வெறும் கம்பி, உள்ளே கண். குவெண்டாவின் கண்ணாடியில் கைவைப்பதற்கு முன் வேறொன்றில் பழகிக்கொள்வது நல்லது என்று தோன்றியது. வெள்ளிக்கிழமை நெவில் தன் கண்ணாடியை மேசையில் வைத்துவிட்டுக் கை கழுவப் போனார். வட்டச் சில்லுகள், வெண்ணெய்க் கத்தியின் முனைக்கே சுலபமாக வந்துவிட்டன. திரும்பப் போடுவதும் சுலபம். எது வலது, எது இடது என்பதில் மட்டும் எனக்கு லேசான சந்தேகம் இருந்தது. அன்று மாலை பயிற்சியில் நெவில் நான்கு பந்துகளை ஒன்றன்பின் ஒன்றாக வேலிக்கு அனுப்பிவிட்டு நின்று கண்ணைக் கசக்கினார்.

"யாரு ரெண்டு ஜாக் வெச்சது?" என்று கத்தினார். ஜாக் என்பது நாங்கள் குறிவைக்கும் அந்தச் சின்ன வெள்ளைப் பந்து. தரையில் ஒன்றுதான் இருந்தது. நான் அவரிடம் போய் உண்மையைச் சொல்லி மாற்றிக் கொடுத்தேன். பள்ளிக்கூடத்தில் எத்தனை பேரை உண்மையைச் சொல்லச் சொல்லித் திட்டியிருக்கிறேன்! அது எவ்வளவு கஷ்டம் என்று அன்றைக்குத்தான் தெரிந்தது. நெவில் விதிப் புத்தகம் இருந்த சட்டைப்பையை இரண்டு முறை தட்டினார். பார்க்க முடியாத குவெண்டா மறுபடியும் வெந்நீர்ப் பாத்திரத்தைத்தானே பார்ப்பார் என்பதும் அப்போதுதான் எனக்கு உறைத்தது. அந்த யோசனையைக் கைவிட்டேன்.

தொடக்க நாள் செப்டம்பர் பதினான்கு, பிற்பகல் இரண்டு மணி. அதற்கு முந்தின திங்கட்கிழமை, வீணான படங்களை எல்லாம் மேசையில் பரப்பி, தபால்தலை பார்க்கும் உருப்பெருக்கியை எடுத்து, குவெண்டாவின் கண்ணாடிக்குள் என்னதான் இருக்கிறது என்று ஒவ்வொன்றாகப் பார்த்தேன். அக்கா, இதை நான் முதல் நாளே செய்திருக்க வேண்டும். ஒவ்வொரு சில்லிலும் ஒரு வெள்ளைக் காளான் முளைத்திருந்தது. இன்னும் உற்றுப் பார்த்தேன். காளானுக்குக் கால் இருந்தது. வெள்ளைத் தொப்பி, வெள்ளைச் சட்டை, வெள்ளைக் கால்சட்டை. அது நான்! தேக்கரண்டியின் முதுகை எடுத்துப் பார், அறை முழுவதும் அதில் தெரியும், நட்ட நடுவில் உன் மூக்கு தெரியும். குவெண்டாவின் கண்ணாடியும் அப்படித்தான், எதிரே இருப்பதை எல்லாம் வாங்கி வைத்துக்கொள்கிறது. எதிரே எப்போதும் நான்தான் வெள்ளைவெளேரென்று நின்றிருக்கிறேன். அவர் கண்ணை மறைத்துக்கொண்டிருந்த ஆளை ஊரெல்லாம் தேடியிருக்கிறேன்.

வெள்ளை எதிரே நின்றால் கண் மறையும் என்றால், கறுப்பு எதிரே நின்றால் கண் தெரிய வேண்டும். பகலில் ஜன்னல் கண்ணாடியில் உன் கறுப்புக் கோட்டின் நிழல் விழுகிற இடத்தில் மட்டும் வீட்டுக்குள் இருப்பது தெரியும், பார்த்திருக்கிறாயா? வீட்டில் இருப்பதிலேயே பெரிய கறுப்புத் துணி எது என்று யோசித்தேன். பள்ளி ஆண்டுவிழாக்களுக்கு நான் போட்டுக்கொண்டு போன பட்டமளிப்பு அங்கி! பூச்சி உருண்டை வாசனையோடு பெட்டியிலிருந்து வெளியே வந்தது. புதன்கிழமை மாலை பயிற்சி நேரம். கிளப்புக்குள் வெள்ளை உடை கட்டாயம் என்பதால் அதை மாற்றாமல், அதற்கு மேலே அங்கியை மாட்டிக்கொண்டேன்.

வாசலில் நெவில். "என்ன வாத்தியாரே, யாருக்குத் தூக்குத் தண்டனை குடுக்கப் போற?"

"உன் பதவிக்குத்தான்," என்றார் எனக்குப் பின்னால் வந்த குவெண்டா.

புல்தரையைப் பார்த்தபடி வராந்தா பெஞ்சில் குவெண்டாவை உட்காரவைத்தேன். நான் அவருக்கு எதிரே, தரையின் ஓரத்தில், ஸ்கோர் பலகைக்கு முன்னால். இரண்டு கைகளையும் விரித்து அங்கியைத் திரைபோலப் பிடிக்க, கேமரா முக்காலியில், கடித்தால் படம் எடுக்கும் சுவிட்சுக் கயிறு என் பல்லில். கேமராவின் சின்ன ஜன்னல் வழியாகப் பார்த்தேன். குவெண்டாவுக்குக் கண் இருந்தது! சாம்பல் கலந்த பச்சை. பதினைந்து வருஷம் இந்த அம்மாளிடம் தபால்தலை வாங்கியிருக்கிறேன், கண்ணின் நிறம் எனக்குத் தெரியாது. பதினொரு படம் எடுத்தேன். ஒரே ஒரு குறைதான். கண் தெரிகிறது என்று நான் சொன்னதும் குவெண்டா அந்தக் கண்ணை என்ன செய்வது என்று தெரியாமல், பல் மருத்துவர் நாற்காலியில் உட்கார்ந்தவர் மாதிரி விறைத்துப்போனார். சுருளில் ஒரே ஒரு படம் மீதி.

இங்கே நான் யோசிக்காமல் விட்டது ஒன்று உண்டு. வெள்ளை உடைக்கு மேல் கறுப்பு அங்கி, விரித்த இரண்டு சிறகு. இதை நான் ஒரு மனிதனின் கண்ணால் மட்டும்தான் பார்த்திருந்தேன். சைப்ரஸ் மரத்து உச்சியில் கூடு கட்டியிருந்த மேக்பையின் கண்ணுக்கு அது என்னவாகத் தெரியும்? தன் எல்லைக்குள் வந்து இறங்கிய, ஐந்தடி பத்தங்குல உயரமுள்ள இன்னொரு மேக்பை!

முதலில் என் காதோரம் காற்று வந்தது. அப்புறம் அலகு. நான் "ஐயோ" என்று வாயைத் திறந்ததும் கயிறு நழுவியது, அங்கி ஒரு பக்கமாகப் பறந்தது, நான் மறுபக்கமாகச் சாய்ந்தேன், சாய்ந்தபடியே கயிற்றைப் பிடிக்கக் கடித்தேன், கேமரா "டிக்" என்றது, அப்படியே ஸ்கோர் பலகையின் காலில் மண்டையை மோதிக்கொண்டு விழுந்தேன். மூன்று தையலின் கதை இதுதான். கடைசியாக என் காதில் விழுந்தது, முதல் பாய்ச்சலிலேயே தொடங்கிவிட்ட குவெண்டாவின் சிரிப்பு. தொண்டையிலிருந்து அல்ல, அடிவயிற்றிலிருந்து வரும் சிரிப்பு. அதற்கு மேலே ஆல்ஃபின் குரல்: "நான் அப்பவே சொன்னேன், தொப்பில கண்ணு வரைஞ்சுக்கோன்னு!"

வியாழக்கிழமை காலை ரொட்டி வண்டிக்காரரிடம் சுருளைக் கொடுத்துப் பெரிய ஊர் மருந்துக்கடைக்கு அனுப்பினேன். அங்கேதான் படம் கழுவுகிறார்கள். வெள்ளி மதியம் அந்தக் கடைப் பெண் தொலைபேசியில் கூப்பிட்டாள்.

"சார், நாளைக்குப் பஸ் கெளம்புறதுக்குள்ள ஒரே ஒரு படத்ததான் பெருசு பண்ணி சட்டம் போட முடியும். எது வேணும்? முதல் பதினொன்னும் சுத்தமா இருக்கு. கண்ணு தெரியுது. அந்தம்மாதான் யாரையோ அடக்கம் பண்ணிட்டு வந்த மாதிரி இருக்காங்க."

"கடைசிப் படம்?"

"அத எப்படி சொல்றதுன்னு தெரியல சார். கண்ணு ஒன்னுதான் தெரியுது. ஆனா… நான் எங்க கடைல எல்லாரையும் கூப்ட்டு காட்டினேன்."

அக்கா, நீ என் இடத்தில் இருந்தால் என்ன செய்திருப்பாய்? பதினொன்றில் ஒன்றைக் கேட்டிருந்தால் குவெண்டாவின் பதவி நிச்சயம். இரண்டு கண், ஒரு மூக்கு, விதிக்கு வேறென்ன வேண்டும். ஆனால் கடையில் இருந்த எல்லோரையும் கூப்பிட்டுக் காட்டினாளே, அது என்ன என்று தெரிந்துகொள்ளாமல் நான் எப்படிச் சாவேன்? "கடைசிப் படத்தைப் பெரிசு பண்ணும்மா," என்று சொல்லி வைத்துவிட்டேன். மெர்ல் இடுப்பில் கைவைத்து நின்றாள். "தெரிஞ்ச பதினொன்ன விட்டுட்டு தெரியாத ஒன்ன வாங்கியிருக்கீங்க. நாற்காலி உங்களுதா? அவங்களுது." அன்று இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. தையல் காரணம் என்று மெர்லிடம் சொன்னேன்.

சனிக்கிழமை ஒன்று இருபதுக்குப் பஸ் வந்தது. கட்டைப் பிரிக்க எனக்குத் தைரியமில்லை, அப்படியே கிளப்புக்குக் கொண்டுபோனேன். லாமிங்டன் கேக்கும் முட்டை சாண்ட்விச்சும் வைத்த மேசையைச் சுற்றி நாற்பது பேர் வெள்ளை உடையில் நின்றார்கள். சுவரில் பத்தொன்பது ஆண்கள், இருபதாவதாக ஓர் ஆணி. நெவில் கையில் கடிகாரம். குவெண்டா தானே காகிதத்தைக் கிழித்தார். கிழித்துவிட்டு அப்படியே நின்றார்.

என்ன நடந்திருக்கிறது என்று சொல்கிறேன். பறவை பாய்ந்தபோது அங்கி ஒரு பக்கமாகப் பறந்தது அல்லவா? அந்தக் கறுப்பு, ஒரு சில்லில் மட்டும் விழுந்திருக்கிறது. அதற்குள் குவெண்டாவின் கண், சாம்பல் பச்சை, சிரித்துச் சிரித்து ஓரத்தில் தண்ணீரோடு. நான் சாய்ந்துவிட்டதால் மற்றச் சில்லுக்கு எதிரே யாருமில்லை. அதில் எனக்குப் பின்னால் இருந்தது எல்லாம் வந்திருக்கிறது. முழுப் புல்தரை, மாலை வெயில், சைப்ரஸ் வேலி, அரிசி அளவுக்கு வெள்ளை வெள்ளையாக ஆட்கள். இருபத்தாறு வருஷமாக அந்த அம்மாள் அந்தப் பெஞ்சில் உட்கார்ந்து எதைப் பார்த்துக்கொண்டிருந்தாரோ அது.

ஆல்ஃப் முன்னால் வந்தார். தொப்பியைக் கழற்றினார். "இதுதான் அவ," என்றார். "என்னைப் பாத்து இப்படித்தான் சிரிப்பா, நான் ஏதாச்சும் கோணலா பண்ணா."

நெவில் விதிப் புத்தகத்தை எடுத்தார். "ஒரு கண்ணுதான் இருக்கு. தலைவரோட படம்னா முழு முகம் வேணும்," என்று ஆரம்பித்து, படத்துக்குப் பக்கத்தில் குனிந்தார். கண்ணாடியைத் தூக்கிப் பார்த்தார், இறக்கிப் பார்த்தார். "இந்த ஓரத்துல பந்து போடுறது யாரு?"

நான் உருப்பெருக்கியை நீட்டினேன். அரிசி அளவு ஆள் ஒருவர், ஒரு முழங்கால் மடித்து, கை நீட்டி, பந்தை விட்ட அந்தக் கணத்தில். அந்தத் தொப்பையை யர்ராகூனில் வேறு யாருடையது என்றும் சொல்ல முடியாது.

"அது நான்," என்றார் நெவில். குரலே மாறிவிட்டது. "பாத்தியா வாத்தியாரே, முழங்கால் எவ்வளவு மடங்கியிருக்கு! கை எப்படி நீண்டிருக்கு! பதினோரு வருஷமா சொல்றேன், என் பந்துவீச்சு நல்ல வீச்சுன்னு, எவனாச்சும் நம்பினானா?"

"மணி ஒன்னு அம்பத்தி நாலு," என்றார் குவெண்டா.

"அந்த சுத்தியல எடுங்கடா!" என்று நெவில் கத்தினார். ஆணியை இன்னும் இரண்டு அடி அடித்துத் தானே மாட்டினார். ஒரு சுவரில் இரண்டு இடத்தில் தொங்கும் ஒரே தலைவர் அவர்தான் என்று இப்போது பார்க்கிற எல்லோரிடமும் சொல்கிறார். இரண்டு மணிக்கு முதல் பந்தைக் குவெண்டா உருட்டினார். அது நேராகப் போய்த் தரையைச் சுற்றியிருக்கும் வாய்க்காலில் விழுந்தது. யாரும் அதைப் பற்றிப் பேசவில்லை.

ஆக, உன் கேள்விக்குப் பதில். விளக்கைப் பக்கவாட்டில் உயரத்தில் வைக்கச் சொல். கண்ணாடிக் கம்பியைக் காதுக்கு மேல் ஒரு நூல் தூக்கிக்கொள். மடியில் வெள்ளைத் துணி வேண்டாம். படம் எடுக்கிறவர் கறுப்பு உடுத்தட்டும், மரத்தில் கூடு இருக்கிறதா என்று முதலில் பார்த்துக்கொள்ளட்டும். இத்தனையும் செய்துவிட்டு, அவர் எங்கேயாவது தடுக்கி விழும் வரை பொறுமையாக உட்கார்ந்திரு. கடைசிக் குறிப்புத்தான் முக்கியம்.

உன் வீட்டில் எல்லோருக்கும் எங்கள் அன்பு. உன் கோழிகளுக்குத் தானியமும், உன் மூட்டுகளுக்கு வெயிலும், உன் படத்துக்கு இரண்டு கண்ணும் குறைவில்லாமல் கிடைக்கட்டும். மெர்ல் பூசணி சூப் செய்முறையைத் தனியாக எழுதி இதோடு வைத்திருக்கிறாள்.

என்றும் உன் தம்பி,
லயனல் ஹார்கிரேவ்

பின்குறிப்பு: உறையை ஒட்டப்போகும்போது குவெண்டா வந்தார். நேற்றைய பந்து ஏன் வாய்க்காலுக்குப் போனது என்று சொல்லிவிட்டுப் போக வந்தாராம். இரண்டு கண்ணிலும் புரையாம், பெண்டிகோவில் அடுத்த மாதம் அறுவை சிகிச்சை. கண்ணுக்குள்ளேயே புதுச் சில்லு வைத்துவிடுவார்களாம், அதற்குப் பிறகு தூரத்தில் இருப்பதைப் பார்க்க மூக்குக்கண்ணாடியே தேவைப்படாது என்று டாக்டர் சொல்லியிருக்கிறார். ஜூன் மாதமே தெரியுமாம். "அப்படியானால் நான் எதற்காகப் பூசணிக்காய்க்கு…" என்று ஆரம்பித்தேன். குவெண்டா என் தையலைத் தடவிப் பார்த்துவிட்டு, "கவலப்படாத லயனல்," என்றார். "கண்ணாடிக்காரர்கிட்ட போய்ச் சொல்லிட்டேன். இதே பிரேம்ல பவர் இல்லாத வெறும் சில்லு போட்டுக் குடுங்க, ஆனா நல்லா பளபளன்னு இருக்கணும்னு. இல்லன்னா சுவத்துல தொங்குறது நான்தான்னு எவன் நம்புவான்?"